காட்டுவதும் காட்டாமையும்: நார்வேயின் துயரம் திரையில்



2011ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் ஓஸ்லோவில், அரசு அலுவலகங்களின் முன் குண்டு வெடித்து 8 பேர் மாண்டனர். அன்று மாலையே, அக்குண்டை வைத்தவன் காவலர் உடையில் உட்டோயா என்னும் சிறு தீவுக்குச் சென்றான். அங்கே தொழிற்கட்சி இளைஞர் அணியின் முகாமில் 69 பேரைக் கொன்றான். பல இனத்தார் கூடி வாழும் சமுதாயத்தின்மீது கொண்ட வெறுப்பே அவனை ஏவியது. அன்று நீந்தித் தப்பியோருள் யாழ்ப்பாணத்தில் பிறந்த கம்சாயினி குணரத்தினமும் ஒருவர். அவர் 2015இல் ஓஸ்லோவின் துணை மேயரானார். 2021இல் நாடாளுமன்ற உறுப்பினரானார்.

2018இல் இத்துயரைப் பொருளாகக் கொண்டு மூன்று படங்கள் வெளிவந்தன. "இவ்வளவு விரைவிலா?" என்று நார்வேயில் கேள்வி எழுந்தது. துயரைப் பாடும் கவிஞர் எவரும் எதிர்கொள்ளும் கேள்வியும் அதுவே.

எரிக் பாப்பேயின் 'உட்டோயா: ஜூலை 22' தீவில் நிகழ்ந்ததை 72 நிமிடம் நீளும் ஒரே காட்சியாக, வெட்டின்றிக் காட்டுகிறது. தாக்குதல் நீடித்த நேரமும் ஏறத்தாழ அதுவே. தங்கையைத் தேடும் கற்பனைப் பெண்ணொருத்தியின் பின்னாலேயே கேமரா ஓடுகிறது. கொலையாளி தொலைவில் நிழலாக மட்டுமே தோன்றுகிறான். வேட்டொலியே அவன் இருப்பை உணர்த்துகிறது. தொல்காப்பியம் வகுத்த மெய்ப்பாடுகளுள் அச்சமும் ஒன்று, அழுகையும் ஒன்று. இப்படம் அச்சத்தை முழுமையாகத் தருகிறது. அழுகைக்கு அங்கே நேரமில்லை.

பால் கிரீன்கிராஸின் '22 ஜூலை' வேறு வழி செல்கிறது. நார்வே நடிகர்கள் ஆங்கிலம் பேசும் இப்படத்தில் தாக்குதல் முற்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. காயமுற்ற இளைஞன் மீண்டெழுவதும் நீதிமன்ற விசாரணையுமே எஞ்சிய கதை. கொலையாளிக்கு இங்கே முகமும் உண்டு, குரலும் உண்டு. அவன் விரும்பிய மேடையைக் கலையே அமைத்துத் தரலாமா என்ற குறை நியாயமானது. எனினும் அவனை எதிர்த்து ஓர் இளைஞன் சாட்சிக் கூண்டில் நிமிர்வதைக் காட்ட அவனும் அங்கே இருந்தாக வேண்டும்.

மூன்றாவது, கார்ல் யாவேரின் ஆவணப்படமான 'உட்டோயா மீளமைப்பு'. உயிர் தப்பிய நால்வர் ஓர் இருண்ட அரங்கில் இளைஞர்களை நிறுத்தித் தத்தம் நினைவை நடித்துக் காட்டச் செய்கின்றனர். தரையில் ஒட்டிய நாடாக்களே கரையும் சுவரும். துப்பாக்கியில்லை, குருதியில்லை. யார் எங்கே நின்றார், என்ன சொன்னார் என்பதை நினைவுக்குரியவரே தீர்மானிக்கிறார். தமிழின் கையறுநிலைப் பாடல்களிலும் பாடுபவர் இழந்தவரே. இழப்பை அறிந்தவர்க்கே அங்கு முதற் குரல். மூன்று படங்களுள் அம்மரபுக்கு அண்மையில் நிற்பது இதுவே.

2020இல் நார்வே ஒளிபரப்புக் கழகத்தின் தொடர் செவிலியர், காவலர், செய்தியாளர் முதலியோர் வழியாக அதே நாளைச் சொன்னது.

இப்படங்களுக்கெல்லாம் முன்பே ஒரு கவிதை அம்மக்களுக்குத் துணை நின்றது. 1936இல் ஸ்பானியப் போரின் நிழலில் நூர்தால் கிரீக் எழுதிய 'இளைஞருக்கு' என்னும் அப்பாடலை 2011இன் இரங்கற் கூட்டங்களில் மக்கள் பாடினர். அதில் உட்டோயாவும் இல்லை, கொலையாளியும் இல்லை. பாடியவர் 1943இலேயே போரில் மறைந்துவிட்டார். துயரத்தன்று எழுத இயலாத கவிஞர் அதற்காக வெட்க வேண்டியதில்லை. இன்று நேர்மையாக எழுதும் ஒரு பாடல் என்றோ, யாரோ அழும்போது அவருக்கு உதவக்கூடும்.