சட்டகங்களைத் தமிழ்த் தட்டச்சில் ஒப்பிடுவோம்



தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் 2001இல் கூடியது. 2013இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் மீண்டும் கூடியது. 2001இல் எழுத்துக் குறியாக்கம் திஸ்கியா, டாபா, யூனிகோடா என்பதே தமிழ்க் கணிமையரின் பெரும் வழக்கு. 2013க்குள் அது யூனிகோட் பக்கம் தீர்ந்துவிட்டது. அதே 2013 மே மாதத்தில் ஃபேஸ்புக், இணையச் செயலி கட்டும் சட்டகங்களில் ஒன்றான ரியாக்டை வெளியிட்டது. அடுத்த பிப்ரவரியில் வியூ வந்தது. நம் வழக்கும் எந்தச் சட்டகம் என்பதற்கு இடம் மாறியது.

இத்தகைய கருவிகள் வருவதும் போவதும் புதிதல்ல. வளமான இணையச் செயலி என்ற பேச்சை 2002இல் மேக்ரோமீடியா கிளப்பியது, ஃப்ளாஷை முன்னிறுத்தி. ஃப்ளாஷின் ஆயுள் 2020 டிசம்பரோடு முடிந்தது. சில்வர்லைட் 2021 அக்டோபரில் போனது. பழைய ஆங்குலர்ஜேஎஸுக்கான ஆதரவு அவ்வாண்டுக் கடைசியில் நின்றது. எது வேகம், எது இலகு, எதைக் கற்றால் வேலை கிடைக்கும் என்ற ஒப்பீட்டு அட்டவணைகள் அப்போதும் குவிந்து கிடந்தன. அவற்றை இன்று யாரும் புரட்டுவதில்லை. அத்தகைய இன்னோர் அட்டவணையைத் தயாரிக்க இந்த அவை தேவையில்லை என்பது என் எண்ணம். நாம் கேட்க வேண்டிய கேள்வியை வேறு யாரும் கேட்கப் போவதில்லை: தமிழில் தட்டச்சு செய்பவரைச் சட்டகம் எப்படி நடத்துகிறது?

கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் ஒரு மளிகைக் கடை இணையத்தில் விற்பனை தொடங்குவதாகக் கொள்வோம். வாடிக்கையாளர் ஆண்டிராய்டு கைப்பேசியில் தேடல் பெட்டியைத் தொட்டு 'மல்லி' என்று அடிக்கிறார். சொல்லை ஊகித்துத் தரும் விசைப்பலகை, இடைவெளி தட்டும் வரை அதை முடியாத சொல்லாகவே வைத்திருக்கும். வியூவின் வழக்கமான உள்ளீட்டுப் பிணைப்பு, சொல் முடியும்வரை காத்திருக்கும், பட்டியல் அசையாது. கடை உறங்குகிறது என்று வாடிக்கையாளர் நினைப்பார். ரியாக்ட் காத்திருக்காது, ஒவ்வொரு தட்டலையும் உடனே கொடுத்துவிடும். பட்டியல் துள்ளி வரும், உண்மைதான். ஆனால் நிரலர் பாதிச் சொல்லில் கைவைத்துத் திருத்தினால் எழுத்துகள் குழம்பும். ஆங்குலர்ஜேஎஸுக்கு அடுத்து வந்த ஆங்குலர் இரண்டுங்கெட்டான்: மற்ற இடங்களில் காத்திருக்கும், ஆண்டிராய்டில் மட்டும் காத்திருக்காது. மூன்றிலும் மாற்றுவழி உண்டு. வியூவின் கையேடே அதைச் சொல்கிறது. சீனம், சப்பானியம், கொரியம் முதலிய மொழிகள் என்று எழுதி நம்மை அந்த 'முதலிய'வுக்குள் அடக்கிவிட்டது, அவ்வளவுதான்!

இவற்றில் எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். தேடலுக்கு ரியாக்டின் போக்கு நல்லது. பெயர், முகவரி சரிபார்க்கும் படிவத்துக்குக் காத்திருப்பதே நல்லது. பாதி அடித்த பெயருக்குச் சிவப்பில் பிழை காட்டும் படிவம் எரிச்சலூட்டும்.

சட்டகத்தின் கையிலேயே இல்லாத சிக்கலும் உண்டு. 'கிள்ளான்' நமக்கு நான்கு எழுத்து. ஜாவாஸ்கிரிப்ட் எண்ணினால் எட்டு. பெயருக்கு இருபது இடம் என்று வரம்பு வைத்தால் நீளமான தமிழ்ப் பெயர் பாதியில் அறுபடும். எழுத்துகளை நம் கணக்கில் பிரிக்கும் வசதி குரோமில் 2020இலேயே வந்துவிட்டது. ஃபயர்பாக்சில் 2024இல்தான் வந்தது. எந்தச் சட்டகத்தை எடுத்தாலும் அந்த வசதியைப் பயன்படுத்தும் நிரலை நாம்தான் எழுதிச் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்க்கும் நிரலைச் சட்டகத்துக்கு வெளியே தனியாக வைத்துக்கொள்ளுங்கள். சட்டகம் மாறும்போது அது மாற வேண்டியிராது.

கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். செயல்விளக்கத்தை மடிக்கணினியில் ஆங்கிலச் சொல் அடித்துக் காட்டாதீர்கள். கைப்பேசியை எடுங்கள், தமிழில் அடியுங்கள், நடுவில் ஓர் எழுத்தை அழித்தும் காட்டுங்கள். முதல் அமர்வுக்குரியவர் மேடைக்கு வரலாம்.