பத்தில் ஒரு விநாடி எங்கே போயிற்று?
(சங்கத்தின் ஆண்டுக் கூடலில் பழைய மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



"கார்ட் பந்தயமா? அது பணக்காரப் பசங்க விளையாட்டு சார்" என்று வாசலிலேயே ஒரு நண்பர் சொன்னார். பாதி உண்மைதான். ஆனால் சென்னைக்கு இந்தப் பைத்தியம் புதிதல்ல. 1953-இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கியது. சோழவரத்தில் யுத்த காலத்து விமான ஓடுதளத்தில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் பறந்தன. பிறகு இருங்காட்டுக்கோட்டைக்குப் போனார்கள். அந்தக் கிளப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான இந்து சந்தோக்கின் பேரன் கருண் சந்தோக், 2010-இல் ஃபார்முலா 1 ஓட்டினார். 2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி, மவுண்ட் ரோடு உட்பட, இரவு வெளிச்சத்தில் ஃபார்முலா 4 ஓடியதே, உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்.

நான் பேச வந்தது என் தங்கை மகனைப் பற்றி. கார்ட் ஓட்டுகிறான். ஒரு நாள் வீட்டுக்கு வந்து, "மாமா, என் எஞ்சினில் இழுவை இல்லை. வேற எஞ்சின் வேணும், அப்பாகிட்ட நீங்க சொல்லுங்க" என்றான். ஒரு சுற்றுக்கு முக்கால் விநாடி பின்தங்குகிறானாம். அவன் அப்பா மாதச் சம்பளக்காரர். பி.எஃப்.பில் கை வைக்க யோசித்துக்கொண்டிருந்தார்.

"அதற்கு முன்னால் ஒன்று பார்ப்போம்" என்று ஒரு ஜி.பி.எஸ். டேட்டா லாகர் வாங்கிக் கொடுத்தேன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. கால்பந்து வீரர்கள் பனியனுக்குள் மாட்டுவதுபோல, முதுகில் இரண்டு தோளுக்கும் நடுவே கட்டிக்கொள்ள வேண்டும். அது வானத்தைப் பார்க்க வேண்டும் என்பதுதான் காரணம். மார்புப் பையில் வைத்தால் நம் உடம்பே சிக்னலை மறைத்துவிடும். ஹெல்மெட்டில் ஒட்டாதீர்கள், விழுந்தால் தலைக்கு ஆபத்து.

செல்போனிலேயே ஜி.பி.எஸ். இருக்கிறதே என்பீர்கள். அது பொதுவாக விநாடிக்கு ஒரு முறைதான் இடத்தைக் குறிக்கும். மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் ஒரு விநாடிக்கு 20 மீட்டர் போய்விடுவோம். வளைவு முழுவதுமே இரண்டு மூன்று விநாடிதான். மூன்று புள்ளியை வைத்து என்ன தெரியும்? விநாடிக்குப் பத்து முறை குறிக்கும் லாகரில் இரண்டு மீட்டருக்கு ஒரு புள்ளி கிடைக்கும்.

2000-ஆம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்கா பொதுமக்களுக்கான சிக்னலை வேண்டுமென்றே கெடுத்து அனுப்பியது. அன்று கபாலி கோயில் தெப்பக்குளப் படியில் நிற்பவரைக் கோயிலுக்குள்ளே நிற்பதாகக் காட்டினால் ஆச்சரியமில்லை. இன்றைக்கும் ஓரிரு மீட்டர் பிசகும். ஆனால் வேகத்தை அது டாப்ளர் விளைவால் தனியாக அளக்கிறது. அது மிகத் துல்லியம். ஆகவே, மாணவர்களே, கோட்டின் வடிவத்தைவிட வேக வரைபடத்தை நம்புங்கள். சந்தேகம் இருந்தால் லாகரைக் கட்டிக்கொண்டு ரங்கநாதன் தெருவில் ஒரு நடை, பெசன்ட் நகர் கடற்கரையில் ஒரு நடை போய்ப் பாருங்கள். தி. நகரில் கட்டடங்களில் மோதி வரும் சிக்னலால் நீங்கள் கடைகளுக்குள் புகுந்து புறப்பட்டிருப்பீர்கள். கடற்கரையில் கோடு சுத்தமாக இருக்கும்.

சரி, பையன் கதைக்கு வருகிறேன். இருபது சுற்று ஓட்டினான். அதே வகுப்பில் வேகமாக ஓட்டும் இன்னொரு பையனையும் கெஞ்சி லாகரைக் கட்டச் செய்தோம். இரண்டு வரைபடத்தையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால், நேர்ச் சாலையில் வேகம் ஏறும் சாய்வு இருவருக்கும் ஒன்றே! எஞ்சின் நன்றாகத்தான் இழுத்தது. இவன் வளைவைவிட்டு வெளியே வரும்போதே 3 கி.மீ. குறைவாக வந்தான். அந்தக் குறை நேர்ச்சாலை முழுக்கக் கூடவே வந்தது.

கணக்கு எளிது. 150 மீட்டரைச் சராசரி 72 கி.மீ.யில் கடக்க ஏழரை விநாடி. 70 கி.மீ.யில் சுமார் 7.7 விநாடி. ஒரே நேர்ச்சாலையில் ஐந்தில் ஒரு பங்கு விநாடி போயிற்று. இப்படி மூன்று வளைவு இருந்தால்?

மெதுவாக வந்ததற்குக் காரணமும் படத்திலேயே இருந்தது. மாடவீதி முனையில் தேர் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். முட்டுக்கட்டை போட்டுத்தான் திருப்புவார்கள், லேசில் திரும்பாது. கார்ட்டும் ஒரு விதத்தில் அந்த ஜாதி. அதற்கு டிஃபரென்ஷியல் கிடையாது. பின் அச்சு ஒரே இரும்பு; இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுழலும். உள்பக்கப் பின் சக்கரம் சற்றே தரையைவிட்டு எழும்பினால்தான் வண்டி திரும்பும். இவன் வளைவுக்குள் நுழைந்த பிறகும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தான். எழும்ப வேண்டிய சக்கரம் எழும்பவில்லை, வண்டி தேய்த்துக்கொண்டு போயிற்று. பிறகு ஆக்ஸிலேட்டரை மிதித்து என்ன பயன்?

"மாமா, மெஷின் பொய் சொல்லுது" என்றான். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பதினேழு வயதில் எஞ்சின் மேல் பழி போடுவது சுலபம், தன் கால் மேல் போடுவது கஷ்டம். மூன்றாம் நாள் அவனே வந்து, "நேராக இருக்கும்போதே பிரேக் போட்டு முடிச்சுட்டுப் பார்க்கட்டுமா?" என்று கேட்டான்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கருவியைக் கட்டிக்கொண்டு இரவில் ஈ.சி.ஆரிலோ கடற்கரைச் சாலையிலோ வேகம் பார்க்கிறேன் என்று யாராவது என்னிடம் வந்தால், அவர் வீட்டுக்கு நானே போன் போடுவேன். தடம் வேறு, தெரு வேறு.

முக்கால் விநாடி இப்போது கால் விநாடியாகியிருக்கிறது. எஞ்சின் பழையதே. பி.எஃப். பணம் பத்திரமாக இருக்கிறது. மிச்சக் கால் விநாடி இரண்டாவது வளைவில் ஒளிந்திருப்பதாக எனக்குச் சந்தேகம்; அவன் நான்காவது என்கிறான். அடுத்த ஞாயிறு மறுபடி இருங்காட்டுக்கோட்டைக்குப் போகிறோம். பௌதிகத் துறை மாணவர்கள் இரண்டு பேர் கணக்குப் போட வரலாம். காலை ஐந்தரைக்கு லஸ் முனையில் நில்லுங்கள், டிபன் என் பொறுப்பு.