வீட்டிலிருந்து மொழிபெயர்ப்பு: தொடங்க நினைப்பவர்களுக்கு



மொழிபெயர்ப்பைச் சுயதொழிலாகத் தொடங்குவது பற்றிப் பேச வைத்தியர் ஒருத்தி எதற்கு என்று சிலர் நினைக்கலாம். இங்கே படித்து வைத்தியத்துறைக்குப் போன நாங்கள் மொழிபெயர்ப்பவர்கள் அல்ல. மொழிபெயர்ப்பின் விளைவை வாட்டில் காண்பவர்கள்.

பரிசோதனை அறிக்கையில் 'நெகட்டிவ்' என்றால் தேடிய நோய் காணப்படவில்லை என்று பொருள். அதை 'எதிர்மறை' என்று எழுதிக் கொடுத்தால், வாசிக்கிற தாய் ஏதோ கூடாத செய்தி என்று கலங்கிப்போகிறார். சத்திரசிகிச்சைக்கான சம்மதப் பத்திரமும் அப்படித்தான். விளங்காமல் வைத்த கையொப்பத்தை நாங்கள் எப்படிச் சம்மதமாக எடுப்பது?

பிள்ளைகளுக்காக வேலையை விட்டவர்கள், கலியாணம் முடித்துக் கனடா, லண்டன் என்று போனவர்கள் எங்கள் வகுப்பிலேயே பலர். இரண்டு மொழிகள் கையில் இருக்கின்றன. ஆனால் அது மட்டும் போதாது. ஒரு துறையும் வேண்டும். வங்கியில் இருந்தவர் வங்கிப் பத்திரங்களையும், தாதியாக இருந்தவர் மருத்துவத்தையும் எடுக்கட்டும். எல்லாம் செய்வேன் என்பவரிடம் நல்ல வேலை வருவது குறைவு.

மருத்துவத்தை எடுப்பவர்கள் முதலில் யாருக்காக எழுதுகிறோம் என்று கேட்க வேண்டும். யாழ்ப்பாணத்து முதியவருக்குச் சலரோகம், நெருப்புக்காய்ச்சல், சத்தி என்றால் உடனே விளங்கும். சென்னை வாசகருக்குச் சர்க்கரை வியாதி, டைபாய்டு, வாந்தி. இரண்டும் தமிழ்தான். இந்தச் சொற்களை ஒரு கொப்பியில் எழுதிச் சேர்த்து வாருங்கள். பிறகு அதுவே உங்கள் முதல். 1847இல் இங்கு வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தவர். தன் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு நூல்களைத் தமிழாக்கினார். ஆகவே இது எங்கள் ஊருக்குப் புதிய வேலை அல்ல.

விலைக்கு வருவோம். கூச்சப்பட்டுக் குறைத்துச் சொல்வது எங்கள் பெண்களின் வழக்கம். பெரும்பாலும் மூலத்தின் சொற்களை எண்ணித்தான் கூலி. ஆவணத்தைப் பார்க்காமல் விலை சொல்லாதீர்கள்; வைத்தியரின் கையெழுத்தில் ஒரு பக்கம் வாசிக்க அரை நாள் போகும் (எங்கள் கையெழுத்தைப் பற்றி நீங்கள் சொல்வதெல்லாம் உண்மை). கூலி, ஒப்படைக்கும் திகதி, பணம் தரும் திகதி மூன்றையும் எழுத்தில் வாங்கிய பிறகே தொடங்குங்கள். சொந்தக்காரர் என்றாலும்தான்.

2015இல் வந்த ஐஎஸ்ஓ 17100 என்ற தரநியமம், மொழிபெயர்த்தவர் அல்லாத இன்னொருவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்கிறது. ஆகவே தனியே தொடங்காமல் இருவராகத் தொடங்குவது நல்லது. ஒருவர் எழுத, மற்றவர் பார்க்கலாம். பிறப்புச் சான்றிதழ் போன்றவற்றை அத்தாட்சிப்படுத்திக் கொடுக்கச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக வேண்டும். அது வேறு பாதை. நோயாளியின் அறிக்கையை இணையத்தில் இலவச மொழிபெயர்ப்புக் கருவிக்குள் போடவே வேண்டாம். அது உங்களுடைய இரகசியம் அல்ல.

மருத்துவத் துண்டுப்பிரசுரம் ஒன்றை முதன்முதலாகச் செய்பவர்கள் சங்கத்தினூடாக எங்களுக்கு அனுப்புங்கள். எங்களில் இருவர் பார்த்துத் திருத்தித் தருவோம். முதல் இரண்டு பக்கங்களுக்குக் காசு இல்லை. மூன்றாவது பக்கத்திலிருந்து நீங்கள் வாங்கும் கூலியில் எங்களுக்கும் பங்கு தர வேண்டும்!