தோற்றவர் பேசிய பேச்சு

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் நாமக்கல்லில் கூடிய படிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



1927இல் மகாடு குளத்தில் தண்ணீர் அள்ளிய அம்பேத்கரை நமக்குத் தெரியும். அரசியல் சட்டம் எழுதிய அம்பேத்கரையும் தெரியும். 1956இல் நாக்பூரில் பவுத்தம் தழுவியவரையும் தெரியும். சட்டத்துக்கும் பவுத்தத்துக்கும் நடுவே இன்னொரு அம்பேத்கர் இருக்கிறார். 1952 தொடங்கிச் சாகிற வரைக்கும் ராஜ்யசபையில் எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த அம்பேத்கர். சிலைகளில் இவரைப் பார்க்க முடியாது. இன்றைக்கு இவரைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவைக் கிடப்பில் போட்டார்கள் என்று 1951இல் சட்ட அமைச்சர் பதவியை விட்டெறிந்தார். அதற்கான விளக்கத்தைச் சபையில் படிக்கக்கூட அவரை விடவில்லை. 1952 தேர்தலில் பம்பாயில் தனித்தொகுதியில் நின்று காங்கிரசின் கஜ்ரோல்கரிடம் தோற்றார். அரசியல் சட்டத்தை எழுதியவருக்கு அந்தச் சட்டப்படி நடந்த முதல் தேர்தலிலேயே இடமில்லை! பிறகு பம்பாய் சட்டமன்ற உறுப்பினர்கள் ஓட்டுப்போட்டு மேல்சபைக்கு அனுப்பினார்கள். 1954இல் பண்டாரா இடைத்தேர்தலிலும் தோல்வி. பதவி கிடையாது, ஆள்பலம் கிடையாது. இருந்தது வாய் ஒன்றுதான்.

அந்த வாயை எதற்குப் பயன்படுத்தினார்? தலித் உறுப்பினர் என்றால் விடுதி, உதவித்தொகை பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு உட்கார வேண்டும் என்று ஆளும்சாதி நினைக்கிறது. அவர் 1954இல் நேருவின் வெளியுறவுக் கொள்கையைத் தாக்கினார். திபெத் விஷயத்தில் சீனாவுக்கு விட்டுக்கொடுத்ததைக் கேள்வி கேட்டார். 1955இல் சொத்துரிமை, இழப்பீடு பற்றிய நான்காவது திருத்தத்தில் பேசினார். மாநிலப் பிரிவினை பற்றிப் பேசினார். நாட்டுப் பிரச்சனை எல்லாமே சேரிப் பிரச்சனைதான் என்று எடுத்துக்கொண்டவர் அவர்.

1953 செப்டம்பர் 2இல் ஆந்திர மாநில மசோதா விவாதம். பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதத்தில் உயிர்விட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மொழிக்கு ஒரு மாநிலம் என்று எல்லாரும் ஆவேசமாக இருந்த நேரம். அம்பேத்கர் கேட்டார்: மொழி ஒன்றுதான், சரி. அந்த மொழிக்குள் இருக்கிற சிறுபான்மைக்கும் தீண்டப்படாதவனுக்கும் யார் காவல்? நிலமும் எண்ணிக்கையும் உள்ள சாதி கையில் ஆட்சியும் போய்விட்டால் அவன் எங்கே போய் முறையிடுவான்? ஆளுநருக்கு இதற்கென்று அதிகாரம் கொடுங்கள் என்றார்.

இந்தக் கேள்வி நம்ம சேலம், நாமக்கல் சீமைக்கே கேட்ட மாதிரி இருக்கிறது. இங்கே தலித்துகளில் அருந்ததியர் பெருந்தொகை. பல வளவுகளில் வீட்டுக்குள்ளே தெலுங்கும் கன்னடமும்தான் பேச்சு. ஊர்க்காரன் சாதியைச் சொல்லித் தள்ளி வைக்கிறான். மொழிப்பற்றுக்காரன், "நீ தமிழனே இல்லடா" என்று தள்ளி வைக்கிறான். தறிக்குழியிலும் சேகோ ஆலையிலும் கோழிப்பண்ணையிலும் பாடுபடும்போது மட்டும் மொழி யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. ஆளுநரிடம் அதிகாரம் கொடுப்பது என்கிற வழியை நான் ஏற்கவில்லை. டில்லி அனுப்புகிற ஆள் எந்தக் காலத்தில் காலனிப் பக்கம் வந்திருக்கிறார்? ஆனால் கேள்வி இன்னும் அப்படியேதான் நிற்கிறது. மொழி விடுதலை பேசுகிற நண்பர்கள் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அன்றைக்கு, "நீங்கள் எழுதிய சட்டம்தானே இது" என்று மடக்கினார்கள். நான் கூலிக்கு எழுதியவன், சொன்னதைச் செய்தேன், இதைக் கொளுத்துவதில் முதல் ஆளாக நானே நிற்பேன் என்று சீறினார். இந்த ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்து, "பாத்தீங்களா, அவரே வேண்டாம்னுட்டார்" என்று இன்றைக்கும் நம்மிடமே காட்டுகிறார்கள். 1955 மார்ச்சில் அதே சபையில் இதைப் பற்றி மறுபடி கேட்டபோது அவர் சொன்ன பதிலைக் காட்டமாட்டார்கள். தெய்வம் குடியேறுவதற்குக் கோயில் கட்டினோம், அதற்குள் பேய் புகுந்துகொண்டது, இடிக்காமல் வேறென்ன செய்வது என்பது அந்தப் பதிலின் சாரம். அவர் கோபம் பேய்மீது. பேயே வந்து அந்த வரியை மேற்கோள் காட்டுவதுதான் வேடிக்கை.

1954 செப்டம்பரில் தாழ்த்தப்பட்டோர் ஆணையரின் அறிக்கை விவாதத்துக்கு வந்தது. நிலம் கொடு, தரிசில் குடியேற்று என்றார். பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்விக்கும் கையில் வழி வைத்திருந்தார். 1947இல் எடுத்துவிட்ட உப்பு வரியை மறுபடி போடுங்கள், காந்தி பேரில் அறநிதி வையுங்கள், தீண்டப்படாதவர்களின் குடியேற்றத்துக்குச் செலவழியுங்கள் என்றார். 1930இல் வேதாரண்யத்தில் உப்பு அள்ளிய ராஜாஜி சேலம் நகரசபைத் தலைவராக இருந்தவர். திருச்செங்கோட்டுப் பக்கம் ஆசிரமம் நடத்தியவர். இந்தப் பக்கத்தில் உப்புக்கு ஒரு தேசியக் கதை உண்டு. அந்த உப்பை நிலமாக மாற்றிக்கொடு என்றார் அம்பேத்கர். யாரும் காதில் வாங்கவில்லை.

அதே மாதம் தீண்டாமைக் குற்ற மசோதா. முதலில் பெயரையே எதிர்த்தார். இது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று இருக்கட்டும் என்றார். தண்டனை அற்பம் என்றார். சபை கேட்கவில்லை; 1955இல் சட்டம் வந்தது. குற்றத்தை இரண்டு தரப்பும் ராஜி செய்துகொள்ளலாம் என்றும் அதில் இருந்தது. 1976இல் திருத்தினார்கள். பெயர், குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று மாறியது. குறைந்தபட்சத் தண்டனை வந்தது. ராஜிக்கு இடமில்லாமல் போனது. தோற்றவர் பேச்சுக்கு 22 வருஷம் கழித்துச் சட்டம் தலையாட்டியது.

சட்டம் தலையாட்டினால் ஸ்டேஷன் தலையாட்டுமா? எண்பதுகளில் எங்கள் பக்கத்து ஊர் டீக்கடையில் தனிக்குவளை வைத்ததற்கு நாலு பேர் புகார் எழுதிக்கொண்டு போனோம். "ஒரே ஊர்ல பொழைக்கிறவங்க, ராஜியாப் போங்கப்பா" என்றார் எழுத்தர். ராஜிக்கு இடமில்லை என்று சட்டம் மாறியதை அவருக்கு எடுத்துச் சொல்ல அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. மறுவாரம் எங்கள் ஆட்களைக் காட்டுவேலைக்குக் கூப்பிடவில்லை. இதுதான் ஊர்விலக்கம். இதைத் தண்டிக்க வேண்டும் என்று 1930 வட்டமேசை மாநாட்டிலேயே அம்பேத்கரும் நம்ம இரட்டைமலை சீனிவாசனும் சேர்ந்து எழுதிக் கொடுத்தார்கள். சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பைத் தனிக் குற்றமாக வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சேர்த்தது 2015 திருத்தத்தில். 85 வருஷம்!

இப்போது நம் கணக்குக்கு வருவோம். ராசிபுரம் மக்களவைத் தொகுதி 1977 முதல் 2009 வரை தனித்தொகுதி. சேரியின் பெயரில் தொகுதி. ஆனால் ஜெயிக்க வைப்பது ஊரின் ஓட்டு. 1932 பூனா ஒப்பந்தம் நமக்குப் போட்ட முடிச்சு இது. ஊரைப் பகைத்துப் பேசினால் அடுத்த முறை சீட்டு கிடைக்காது. அம்பேத்கரைத் தோற்கடித்ததும் இதே முடிச்சுதான். ராஜ்யசபையில் தலித்துகளுக்கு இன்றுவரை ஒதுக்கீடே கிடையாது. உறுப்பினர் ஏன் வாய் திறக்கவில்லை என்று தனி ஆளைத் திட்டுவதோடு நம் வேலை முடிந்துவிடாது. அவர் வாயைக் கட்டியிருக்கிற கயிற்றைப் பார்க்க வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். அம்பேத்கர் தொகுப்பில் பதினைந்தாம் தொகுதியை எடுங்கள். மேலே சொன்ன பேச்சுகளை முழுசாக, குறுக்கீடுகளோடு படியுங்கள். நாடாளுமன்ற விவாதங்கள் இப்போது இணையத்திலேயே கிடைக்கின்றன. ராசிபுரத்திலிருந்து போனவர்கள் அந்த 32 வருஷத்தில் நிலம் பற்றி, வன்கொடுமை பற்றி, கூலி பற்றி என்ன கேட்டார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கேட்டிருந்தால் அதைக் கொண்டாடுவோம். கேட்காததை அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் வளவில் நிறுத்தி வைத்துக் கேட்போம்.

ஜெய் பீம்.