நம்ம நெல்லுக்கு விலை சொல்றது யாரு?



முதலாளித்துவமா, சோசலிசமா என்று பட்டணத்தில் பட்டிமன்றம் நடக்கட்டும். நாம் கேட்பது ஒன்றுதான்: நம்ம நெல்லுக்கு விலை சொல்றது யாரு?

சோவியத் ஆட்சியில் 1929 முதல் உழவர்களைக் கட்டாயப்படுத்திக் கூட்டுப்பண்ணையில் சேர்த்தார்கள். தானியம் எவ்வளவு தரணும், என்ன விலை, எல்லாம் அரசே சொன்னது. 1932-33இல் உக்ரைனில் விளைவித்தவனே பட்டினியில் செத்தான்.

சரி, சந்தையைத் திறந்துவிட்டால்? பீகாரில் 2006இல் விற்பனைக்கூடச் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். எங்கே வேண்டுமானாலும் விற்கலாமாம்! அறுத்த நெல்லை வைக்க இடமில்லை, வாசலில் கடன்காரன் நிற்கிறான், எங்கே போய் விற்பது? ஆதார விலைக்குக் கீழே ஊர் வியாபாரியிடமே போடுகிறார்கள். அதே சுதந்திரத்தைத்தான் 2020இல் மூன்று சட்டமாக நம் தலையில் கட்டப் பார்த்தார்கள். டெல்லி எல்லையில் ஓராண்டுக்கு மேல் வெயிலிலும் குளிரிலும் உட்கார்ந்த உழவர்கள் 2021இல் அதை வாபஸ் வாங்க வைத்தார்கள்.

1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தையைப் பாருங்கள். இடமும் தராசும் அரசாங்கத்தோடது, சரக்கு நம்மோடது, நடுவில் தரகன் இல்லை. இதுக்கு எந்த இசம்னு பேர் வைக்கிறது? காய்கறிக்கு அது ஆச்சு. நெல்லுக்கு?

ஆதார விலைக்குக் கீழே யாரும் வாங்கக் கூடாது என்று சட்டம் போடு! கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று கறக்கும் மாமூலை நிறுத்து! அதைக் கேட்கத்தான் தாலுகா ஆபீஸ் வாசலில் உட்காரப் போகிறோம். வீட்டுக்கு ஒருத்தர் வாங்க.