குளவிக் கூட்டுக்குள் நடப்பது என்ன?



தோட்டத்து வீட்டுச் சுவரில் குளவி மண்கூடு கட்டுவதை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அதைத் தட்டிவிடத் துடைப்பத்தை எடுத்தால், "தொடாதே, வீட்டில் பிள்ளை பிறக்கப்போகிறது" என்று பாட்டி தடுத்துவிடுவார். இன்னொரு கதையும் உண்டு. குளவி ஒரு பச்சைப் புழுவைக் கொண்டுவந்து கூட்டில் அடைத்து, கொட்டிக் கொட்டியே அதைக் குளவியாக்கிவிடுமாம். குருவினால் சீடன் மாறுவதற்கு இதையே உவமையாகச் சொல்வார்கள்.

அழகான கற்பனைதான். ஆனால் கூட்டுக்குள் நடப்பது வேறு. குளவியின் விஷம் புழுவைக் கொல்வதில்லை; அசையாமல் முடக்கிவிடுகிறது. செத்த புழு அழுகிப்போகும். உயிரோடு கிடக்கும் புழு கெடாது. குளிர்பெட்டி இல்லாமலே உணவைக் காக்கும் வித்தை இது! குளவி உள்ளே ஒரு முட்டையிட்டு, முடங்கிய புழுக்களை அடைத்து, வாயை மண்ணால் பூசிவிட்டுப் போய்விடும். முட்டையிலிருந்து வரும் குளவியின் புழு அவற்றைத் தின்று வளர்ந்து, பின் சிறகு முளைத்துக் கூட்டைத் துளைத்து வெளியே வரும்.

பச்சைப் புழு உள்ளே போனதை நம் முன்னோர் கண்டார்கள். குளவி வெளியே வந்ததையும் கண்டார்கள். நடுவில் நடந்ததை மண்சுவர் மறைத்துவிட்டது. மறைந்த இடத்தைக் கற்பனை நிரப்பியது.

இது நம்மவர் கற்பனை. மேல்நாட்டாரும் சளைத்தவர்கள் அல்லர். 1954இல் வந்த ஓர் அமெரிக்கப் படத்தில், அணுகுண்டுச் சோதனையால் எறும்புகள் ராட்சத உருவம் பெற்று மனிதரைத் தாக்கும். உண்மையில் அப்படி நடக்குமா? நடக்காது. எறும்பு பத்து மடங்கு நீளமாக வளர்ந்தால் அதன் காலின் குறுக்குவெட்டுப் பரப்பு நூறு மடங்குதான் கூடும். உடலின் எடையோ ஆயிரம் மடங்கு கூடிவிடும். கால்கள் அந்தப் பாரத்தைத் தாங்குமா? மேலும் பூச்சிகளுக்கு நுரையீரல் கிடையாது. உடலின் பக்கவாட்டில் உள்ள சிறு துளைகளின் வழியாகவே காற்று உள்ளே போகிறது. அவ்வளவு பெரிய உடலுக்கு அந்தக் காற்று போதாது.

'அப்படியானால் இத்துனூண்டு பூச்சியால் என்ன ஆகிவிடும்?' என்று கேட்கிறீர்களா? விடை நம் செம்பனைக் காட்டிலேயே இருக்கிறது. கூலிம், சுங்கைப்பட்டாணி, பீடோங் வட்டாரங்களில் ரப்பர் நின்ற பல தோட்டங்களில் இப்போது செம்பனை நிற்கிறது. அதன் தாயகம் ஆப்பிரிக்கா. மரம் இங்கே வந்தது. அதற்குத் துணையான பூச்சி கூட வரவில்லை. ஒரே மரத்தில் ஆண் பூங்குலையும் பெண் பூங்குலையும் வேறு வேறு காலத்தில் பூப்பதால், காய்ப்பிடிப்பு குறைந்தது. அதனால் மகரந்தத்தைப் பவுடரோடு கலந்து, மரம் மரமாகப் போய்த் தொழிலாளர்கள் தூவினார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்த வேலையைச் செய்தவர்கள் இருக்கக்கூடும்.

ரஹ்மான் சையது என்ற பூச்சியியல் அறிஞர் கேமரூன் நாட்டில் ஆராய்ந்து, ஒரு சிறு மூக்கு வண்டே அங்கு இந்த வேலையைச் செய்கிறது என்று கண்டார். அரை நெல்மணி அளவுகூடத் தேறாத வண்டு அது! மற்றப் பயிர்களுக்குக் கேடு செய்யாது என்று சோதித்த பிறகு, 1981இல் ஜோகூரில் குளுவாங் அருகே அதை விட்டார்கள். அது பல்கிப் பெருகிப் பரவியது. குலைகளில் காய் நெருங்கிப் பிடித்தது. கையால் தூவும் வேலை தேவையற்றுப் போயிற்று. அந்த வேலைக்குரிய கூலியும் அதோடு நின்றது என்பதையும் மறக்கக்கூடாது.

அந்த வண்டு வேலை செய்யும் விதம் இன்னும் வேடிக்கை. ஆண் பூவின் வாசனைக்கு வந்து, அதிலேயே உண்டு முட்டையிடும். பெண் பூவும் அதே போன்ற வாசனையை விடும். ஏமாந்துபோன வண்டு அங்கே சென்று, ஒன்றும் கிடைக்காமல், உடம்பில் ஒட்டியிருந்த மகரந்தத்தை உதிர்த்துவிட்டுத் திரும்பும். அந்த ஏமாற்றத்தில்தான் குலை காய்க்கிறது.

நேயர்களே, எந்தக் கதாசிரியர் இப்படி ஒரு பூச்சியைக் கற்பனை செய்தார்? அடுத்த முறை உங்கள் பிள்ளை ஒரு பூச்சியின் முன் குந்தி உட்கார்ந்து உற்றுப் பார்த்தால், வேலையைப் பார் என்று விரட்டாதீர்கள். பக்கத்தில் நீங்களும் உட்காருங்கள். பாட்டியின் கதையையும் சொல்லுங்கள். கூட்டுக்குள் உண்மையில் நடப்பதையும் சொல்லுங்கள்.