கண் போகும் இடத்துக்குச் சொல்லும் போகட்டும்: தோட்டத்துக் குழந்தைகளின் கவனமும் நினைவும்



இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்தில், இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டப் பாடசாலைகளில், தரம் ஒன்றில் பிள்ளைகள் வந்து சேரும் தை மாதத்தில், ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும். 'பிள்ளைக்குக் கவனம் நிற்கவில்லை. காலையில் சொன்னது மத்தியானத்துக்குள் மறந்து போகிறது' என்பது அந்தப் பேச்சு. சொல்பவர்களிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பேச்சுக்குள் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. கவனமும் ஞாபகமும் பிறவியிலேயே அளந்து கொடுக்கப்பட்டவை, சிலருக்குக் கூடுதலாகவும் சிலருக்குக் குறைவாகவும் வாய்த்தவை என்ற தீர்ப்பு அது. அது தவறு என்பதே இன்று நான் நிறுவ விரும்புவது. கவனத்துக்கும் நினைவுக்கும் வேண்டிய வித்து ஒவ்வொரு குழந்தையிடமும் இருக்கிறது. அது வளர்வதோ குழந்தைக்கும் அதைப் பார்த்துக்கொள்ளும் பெரியவருக்கும் இடையில். ஐந்து வயதில் வகுப்பறைக்கு வரும் பிள்ளையின் கவனத்தில் பெரும்பகுதி, குடும்பம் வாழும் லயத்திலும், தாய் வேலைக்குப் போகும்போது பிள்ளையை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவிலும் உருவாகி முடிந்திருக்கும். ஆகவே அங்கே பிள்ளை பார்க்கும் ஆயம்மாவே அந்தப் பிள்ளையின் முதல் ஆசிரியர். அவருக்குரிய பயிற்சியும் மதிப்பும் ஊதியமும் கிடைக்க வேண்டும் என்பது இந்த வாதத்தின் முடிவு.

முதலில் பிறந்த குழந்தையிடமிருந்து தொடங்குவோம். 1980ஆம் ஆண்டில் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இரு ஆய்வாளர்கள், பிறந்து மூன்று நாளும் ஆகாத சிசுக்களின் வாயில் ஒரு சூப்பியை வைத்தார்கள். ஒரு விதமாக உறிஞ்சினால் தாயின் குரல் கேட்கும்; வேறு விதமாக உறிஞ்சினால் வேறொரு பெண்ணின் குரல் கேட்கும். சிசுக்கள் தாயின் குரல் வரும் விதமாகவே உறிஞ்சப் பழகிக்கொண்டன. ஆறு ஆண்டுகளுக்குப் பின் டிகாஸ்பரும் ஸ்பென்ஸும் இன்னொரு படி சென்றார்கள். கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் தாய் நாள்தோறும் உரக்க வாசித்த கதையை, பிறந்த குழந்தை புதிய கதையிலிருந்து பிரித்தறிந்து அதையே நாடியது. ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாத சிசு, கேட்ட ஓசையின் ஏற்ற இறக்கத்தை நினைவில் வைத்துக்கொண்டுதான் உலகத்துக்கு வருகிறது. காவத்தையிலோ பலாங்கொடையிலோ கொழுந்து எடுக்கும் தாயின் வயிற்றுப் பிள்ளைக்கும் இது பொருந்தும். நினைவாற்றலின் தொடக்கத்தில் தோட்டத்துப் பிள்ளை யாருக்கும் பின்தங்கியதல்ல.

அடுத்த சில மாதங்களில் நினைவு எப்படி நீள்கிறது என்பதைக் காட்டியவர் அமெரிக்க உளவியலாளர் கரோலின் ரோவி-காலியர். தொட்டிலுக்கு மேலே வண்ணப் பொம்மைகள் தொங்கும் ஒரு தோரணம். அதிலிருந்து ஒரு நாடா குழந்தையின் கணுக்காலில் கட்டப்படும். குழந்தை காலை உதைத்தால் தோரணம் ஆடும். சில நிமிடங்களில் குழந்தை இதைக் கண்டுபிடித்துவிட்டு விடாமல் உதைக்கும். பிறகு நாள்கள் கழித்து அதே தோரணத்தைக் காட்டினால் உதைக்கிறதா என்று பார்த்தார்கள். இரண்டு மாதக் குழந்தைக்கு ஓரிரு நாள் ஞாபகம் இருந்தது. மூன்று மாதக் குழந்தைக்கு ஏறக்குறைய ஒரு வாரம். ஆறு மாதக் குழந்தைக்கு இரண்டு வாரம். இதைவிட முக்கியமானவை இன்னும் இரண்டு உண்மைகள். குழந்தை மறந்துவிட்டது என்று தோன்றிய பிறகும், சோதனைக்கு முதல்நாள் தோரணம் ஆடுவதைச் சற்று நேரம் காட்டினாலே போதும், மறந்தது திரும்பி வந்தது. அதேபோல, ஆறு மாதக் குழந்தையின் தொட்டிலைச் சுற்றியிருந்த துணியை மாற்றிவிட்டுச் சோதித்தபோது, அடுத்த நாளே உதைப்பது நின்று போனது. இந்த வயதில் நினைவு இடத்தோடும் சூழலோடும் பின்னிக் கிடக்கிறது. அடிக்கடி நினைவூட்டல் கிடைத்தால் மட்டும் நிலைக்கிறது.

இந்த உண்மைகளை எங்கள் நாட்டுச் சட்டத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தோட்டத் தொழிலாளியான தாய்க்கு மகப்பேற்று விடுமுறை 12 வாரம். அதில் பிரசவத்துக்கு முந்திய நாள்களும் அடங்கும். விடுமுறை முடிந்து அவள் வேலைக்குத் திரும்பும்போது பிள்ளைக்கு மூன்று மாதமும் நிறைந்திருக்காது. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பால் கொடுக்க நாளுக்கு இரண்டு இடைவேளை உண்டு. பிள்ளைக் காம்பரா இருக்கும் இடத்தில் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம். அதாவது, நினைவு ஒரு வாரத்தைக்கூட எட்டாத வயதில், பழகிய இடத்திலிருந்தும் பழகிய குரலிலிருந்தும் குழந்தை பிரிக்கப்படுகிறது. இதற்குத் தாயைக் குறைசொல்ல எதுவும் இல்லை; நாட்சம்பளத்தை நம்பி இருப்பவளுக்கு வேறு வழி கிடையாது. ஆனால் பிள்ளைக் காம்பரா எப்படி நடக்க வேண்டும் என்பதற்கான முதல் விதியை இந்த ஆய்வே தருகிறது. ஒரே ஆயம்மா, ஒரே மூலையில் அதே தொட்டில், தினமும் அதே தாலாட்டு: இவை கைக்குழந்தையின் நினைவுக்கு வேண்டிய அடிப்படைத் தேவைகள். ஆயம்மாமாரை வாரத்துக்கு ஒருவராக மாற்றுகிற தோட்டம், செலவில்லாமல் கொடுக்கக்கூடிய ஒன்றைக் குழந்தையிடமிருந்து பறிக்கிறது.

இனிக் கவனம். ஒன்றிரண்டு மாதக் குழந்தையின் கண் ஒரு பொருளில் விழுந்தால் அங்கேயே ஒட்டிக்கொள்ளும், விடுவித்துக்கொள்ளத் தெரியாது. மூன்று நான்கு மாதத்தில்தான் ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் பார்வையைத் திருப்பும் சுதந்திரம் வருகிறது. முதல் ஆண்டின் இரண்டாம் பாதியில், மனித வளர்ச்சியின் மிகப் பெரிய திருப்பங்களில் ஒன்று நிகழ்கிறது: குழந்தை பெரியவரின் பார்வையைப் பின்தொடரவும், தான் பார்ப்பதைப் பெரியவருக்குக் காட்டவும் தொடங்குகிறது. இதை 1975இல் ஸ்கைஃபும் புரூனரும் ஆய்வுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1986இல் டொமசெல்லோவும் ஃபராரும், குழந்தை ஏற்கனவே பார்த்துக்கொண்டிருக்கும் பொருளுக்குப் பெயர் சொன்னால் அது அந்தச் சொல்லை நன்றாகக் கற்கிறது, அதன் கவனத்தை வேறிடத்துக்கு இழுத்துப் பெயர் சொன்னால் அவ்வளவாகக் கற்பதில்லை என்று காட்டினார்கள். 2016இல் சென் யூ, லிண்டா ஸ்மித் இருவரும் ஒரு வயதுக் குழந்தைகளின் கண்ணசைவைப் பதிவு செய்து பார்த்தபோது, தாயோ தந்தையோ அதே பொருளைக் கூடவே பார்த்தால், அவர் பார்வையை எடுத்த பின்னும் குழந்தையின் கவனம் கூடுதல் நேரம் அங்கே நின்றது. அதாவது, நிலைத்த கவனத்தையும் பெரியவரிடமிருந்துதான் குழந்தை பெற்றுக்கொள்கிறது. பிள்ளைக் காம்பராவின் வாசலில் பத்து மாதக் குழந்தை ஒன்று லயத்துத் தகரத்தை உற்றுப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயம்மா கையிலிருக்கும் கிண்ணத்தை இறக்கி, குழந்தை பார்க்கும் பக்கமே பார்த்து, 'காக்கா. பாரு, தகரத்துல உக்காந்திருக்கு. இந்தா, பறந்து போச்சு' என்கிறார். மூன்று வாக்கியம், பத்து விநாடி. அந்தப் பத்து விநாடியில் கவனம், நினைவு, மொழி மூன்றும் ஒரே முடிச்சில் சேர்கின்றன. கிண்ணத்தின் பக்கம் முகத்தைத் திருப்பி 'வாயைத் திற' என்று மட்டும் சொல்லப்படும் குழந்தைக்கு வயிறு நிறைகிறது. அந்த முடிச்சு விழுவதில்லை.

நினைவு சொல்லாக மாறும் கட்டம் இதற்கு அடுத்தது. ஏழெட்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை, ஒளித்து வைத்த பொருள் எங்கே என்பதைக் குழந்தை மனத்தில் வைத்திருக்கும் நேரம் மாதத்துக்குச் சுமார் இரண்டு விநாடி வீதம் கூடுகிறது என்று அடெல் டயமண்ட் அளந்து காட்டினார். இரண்டு மூன்று வயதில் நினைவின் அளவைவிட, அதை எடுத்துச் சொல்லும் வழியே பிரச்சினையாகிறது. நியூசிலாந்தில் சிம்கொக்கும் ஹெய்னும், பொம்மைகளைச் சிறிதாக்கிக் கொடுப்பதுபோல் தோன்றும் ஓர் இயந்திரத்தை இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு இயக்கக் காட்டினார்கள். ஆறு மாதமோ ஓராண்டோ கழித்துக் கேட்டபோது, பிள்ளைகள் செய்கையால் நினைவைக் காட்டினார்கள். ஆனால் வாயால் சொன்னவை, சம்பவம் நடந்த காலத்தில் அவர்களுக்குத் தெரிந்திருந்த சொற்களின் எல்லையைத் தாண்டவில்லை. சொல் இல்லாமல் பதிந்த நினைவுக்குப் பிறகு சொல் வந்து சேர்வது எளிதல்ல. எலேன் ரீஸ், ராபின் ஃபைவுஷ் முதலானோரின் ஆய்வுகளோ, நடந்ததைப் பற்றித் தாய் விரித்துக் கேட்டுப் பேசும் வீடுகளில் பிள்ளைகளின் நினைவு கூரும் திறன் பின்னாளில் வளமாக இருப்பதைக் காட்டின. 'இன்னைக்கு என்ன சாப்பிட்ட, யாரு கூட விளையாடின, அப்புறம் என்ன ஆச்சு?' என்று அந்தியில் கேட்கப்படும் மூன்று கேள்விகள், பாடசாலை பின்னர் எதிர்பார்க்கும் நினைவுக்கான பயிற்சியே.

இங்கே ஒரு மறுப்பு எழும். மூன்று வயதுக்கு முன் நடந்தது யாருக்கும் நினைவில்லை. மறந்துபோகப் போகிறவற்றுக்கு இவ்வளவு பாடு எதற்கு? சம்பவங்கள் மறந்துபோவது உண்மைதான். நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில் இளமையில் புதிய நரம்பணுக்கள் ஏராளமாக உருவாவதால் பழைய பதிவுகள் குலைகின்றன என்பது, விலங்குகளில் நடந்த சோதனைகளின் துணையுடன் இன்று முன்வைக்கப்படும் ஒரு விளக்கம். ஆனால் சம்பவம் மறைவது வேறு, அதனால் வளர்ந்த திறன் மறைவது வேறு. தமிழைக் கற்றுக்கொண்ட நாள் எதுவும் எங்களில் எவருக்கும் நினைவில்லை. தமிழ் மட்டும் வாயில் நிற்கிறது. நாற்றுமேடையில் ஊற்றிய தண்ணீர், செடியை மலையில் நட்டபின் எங்கும் தெரிவதில்லை. வேரின் ஆழத்தில் அது இருக்கிறது.

இதைவிடக் கனமான மறுப்பு இன்னொன்று. தோட்டத்துப் பிள்ளைக்குத் தேவை முதலில் சோறு. கவனம், பேச்சு எல்லாம் பிறகு என்பார்கள். இந்த மறுப்பின் பின்னால் உள்ள துயரத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். 2016ஆம் ஆண்டின் தேசிய குடிசனவியல், சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட இலங்கைக் குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நூற்றுக்குப் பதினேழு பேர். பெருந்தோட்டத் துறையில் அது நூற்றுக்கு முப்பத்திரண்டு. சிசுப் பருவத்தின் இரும்புச்சத்துக் குறைபாடு பல ஆண்டுகளுக்குப் பின்னும் கற்றலில் தன் சுவட்டை விடுகிறது என்பதைக் கொஸ்டாரிக்காவில் பெட்சி லோசோஃபின் நீண்ட ஆய்வு காட்டியிருக்கிறது. எனவே திரிபோஷச் சத்துமாவும் இரும்புச்சத்தும் தடையின்றிக் கிடைக்க வேண்டும். ஆனால் சோறா பேச்சா என்று தெரிவு செய்யச் சொல்வது பொய்யான கேள்வி. ஜமேக்காவின் கிங்ஸ்டன் நகரில், 1986–87இல் சாலி கிரந்தம்-மெக்ரெகர் குழுவினர், உயரம் குன்றிய, ஒன்பது முதல் இருபத்துநான்கு மாதம் வரையான 129 குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு பிரிவுக்கு வாரந்தோறும் பால்மா. ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு மணித்தியாலம் சமூக சுகாதார உதவியாளர் வீட்டுக்கு வந்து, வீட்டில் செய்த விளையாட்டுப் பொருள்களோடு தாயையும் குழந்தையையும் விளையாட வைத்தார். ஒரு பிரிவுக்கு இரண்டும். ஒரு பிரிவுக்கு இரண்டும் இல்லை. இரண்டு ஆண்டு முடிவில் பாலும் பயன் தந்தது, விளையாட்டும் பயன் தந்தது. இரண்டும் சேர்ந்தபோது பயன் மிகுந்தது. இருபது ஆண்டுக்குப் பின் தேடிப் பார்த்தபோது நிலைத்து நின்றது விளையாட்டின் பயன். அந்தப் பிரிவில் வளர்ந்தவர்களின் உழைப்பு வருமானம் மற்றவர்களைவிட 25 வீதம் கூடுதலாக இருந்தது. உயரம் குன்றிய பிள்ளைகளே அவர்கள், எங்கள் பிள்ளைகளைப் போல. வீட்டுக்குப் போனவர்களும் பட்டதாரிகளல்லர். அந்த ஊர்களின் சாதாரணப் பெண்கள்.

மூன்றாவது மறுப்பு, இவையெல்லாம் வெளிநாட்டு ஆய்வுகள், ஒரு தாய் ஒரு பிள்ளை என்று இருக்கும் வீடுகளின் கதை என்பது. இதில் நியாயம் இருக்கிறது. பார்பரா ரோகோஃபும் சக ஆய்வாளர்களும் 1993இல் குவாத்தமாலா, அமெரிக்கா, துருக்கி, இந்தியாவின் ஒரு பழங்குடிக் கிராமம் ஆகிய நான்கு இடங்களை ஒப்பிட்டார்கள். குவாத்தமாலாவின் மாயர் சமூகத்துத் தாய்மாரும் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் பல காரியங்களில் கவனம் வைத்திருந்தனர். அங்கே பிள்ளைகள் பெரியவர்களின் வேலையைக் கூர்ந்து பார்த்தே கற்றார்கள். லயத்துப் பிள்ளைக்கும் இந்த வளம் உண்டு. அம்மாயியும் அக்காவும் பக்கத்து வீட்டு மாமியும் சூழ்ந்திருக்க, சமையலையும் சண்டையையும் காமன் கூத்தையும் பார்த்து வளரும் பிள்ளை அது. நான் கேட்பது வெளிநாட்டு வளர்ப்பு முறையை இறக்குமதி செய்வதல்ல. எந்தச் சமூகத்திலும் குழந்தை பார்ப்பதை ஒரு பெரியவர் தானும் பார்த்து, அதைத் தன் மொழியில் சொல்வது நடக்கிறது. அது குறையாமல் இருக்க வேண்டும் என்பதே கோரிக்கை. குறைப்பது எது என்பதையும் அறிவோம். 2008இல் வெளியான ஓர் ஆய்வு, யாரும் உட்கார்ந்து பார்க்காமல் பின்னணியில் ஓடும் தொலைக்காட்சிகூட ஒன்று முதல் மூன்று வயதுப் பிள்ளைகளின் விளையாட்டைத் துண்டு துண்டாக்குவதைக் காட்டியது. பிள்ளைகள் அதைப் பார்த்தது ஒரு தடவைக்குச் சில விநாடிதான். உலக சுகாதார நிறுவனம் 2019இல், ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை வேண்டவே வேண்டாம், இரண்டு வயதுக்குமேல் நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மிகாமல் என்று பரிந்துரைத்தது. ஒரே அறையில் குடும்பம் முழுவதும் வாழும் லயத்தில் இதைக் கடைப்பிடிப்பது கடினம். அதனால்தான் வீட்டுப் பிரச்சினையும் குழந்தையின் நினைவுப் பிரச்சினையும் ஒன்றே என்கிறேன்.

இந்தச் சுமையை மீண்டும் தாயின் தலையில் ஏற்றக்கூடாது. விடியுமுன் எழுந்து சமைத்து, பால் வெட்டவோ கொழுந்து எடுக்கவோ போய், அந்தியில் திரும்புபவளுக்கு அறிவுரை சொல்வது எளிது, நீதியாகாது. பொறுப்பு தோட்டக் கம்பனிகளுக்கும், பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்துக்கும், மாகாணத்தின் முன்பள்ளி நிர்வாகத்துக்கும் உரியது. பிள்ளைக் காம்பரா 'சிறுவர் அபிவிருத்தி நிலையம்' என்று பெயர் மாறியது நல்லது. அபிவிருத்தி என்ற சொல்லுக்குரிய வேலை அங்கே நடக்க வேண்டும். அதற்கு நான்கு காரியம் போதும். கைக்குழந்தைகளைப் பார்க்கும் ஆயம்மாவின் பொறுப்பில் சிலர் மட்டுமே இருக்க வேண்டும். அவரை மாற்றாமல் வைத்திருக்க வேண்டும். பயிற்சி தமிழில், அவர் நாள்தோறும் செய்யும் ஊட்டுதல், குளிப்பாட்டுதல், தூங்கவைத்தல் ஆகியவற்றைக் கொண்டே நடக்க வேண்டும். அவருடைய ஊதியம் ஓர் ஆசிரியரின் உதவியாளருக்குரியதாக இருக்க வேண்டும். நிலையங்களைப் பார்வையிட வரும் அதிகாரிகள் கட்டடத்தையும் கழிப்பறையையும் பார்ப்பதோடு, அரை மணித்தியாலம் அமர்ந்து, எத்தனை குழந்தைகளோடு எத்தனை முறை பேசப்பட்டது என்றும் குறித்துக்கொள்ளட்டும். எதை அளக்கிறோமோ அதுதான் நடக்கும்.

சப்ரகமுவத் தோட்டங்களில் தொழிலாளர் தொகை சுருங்குகிற காலத்தில், பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று நிலையங்களை மூட நினைப்பவர்கள் இருக்கலாம். பிள்ளைகள் குறைவது மூடுவதற்கான காரணமல்ல. ஓர் ஆயம்மாவுக்கு நான்கு பிள்ளை என்ற நிலையை அடைய எங்களுக்குக் கிடைத்திருக்கும் அரிய வாய்ப்பு. எட்டியாந்தோட்டையிலிருந்து இறக்குவானை வரை ஒவ்வொரு தோட்டத்திலும் தொழிற்சங்கங்களும் பெற்றோரும் அடுத்த பேச்சுவார்த்தை மேசையில் சம்பளத்துக்குப் பக்கத்திலேயே இந்தக் கோரிக்கையையும் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அமைகிறேன்.